‘ரன்’ என்றால் ஓடு மட்டுமல்ல: ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் கடினமான சொற்களில் தடுக்கி விழுவதில்லை. ‘போட்டோசிந்தசிஸ்’ வந்தால் அகராதியைப் புரட்டி ‘ஒளிச்சேர்க்கை’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ரன்’ வந்தால் அகராதிப் பக்கமே போவதில்லை. சின்ன வகுப்பிலேயே படித்த சொல்தானே என்ற தைரியம். வாக்கியம் கவிழ்வது அங்கேதான்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்தச் சொல்லின் வினைவடிவத்துக்கு மட்டும் 600-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. இதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை கைவந்தால் போதும். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் தேட வேண்டியதைக் குறைத்துக் கொடுக்கும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு வாக்கியம் வேண்டும். முடிந்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியம். யாராவது ‘ரன்னுக்குத் தமிழில் என்ன?’ என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கற்போருக்கான அகராதி ஒன்று வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகிய மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. மெரியம்-வெப்ஸ்டரும் பெரும்பாலும் அப்படித்தான். பழைய பொருள் முதலில் வரும். நமக்கு வேண்டியது எங்கோ கீழே கிடக்கும். கற்போர் அகராதிகளில் அன்றாடம் அதிகம் புழங்கும் பொருள்கள் மேலே இருக்கும். லாங்மன் சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கத்தை முடித்துவிடுவதால், விளக்கத்துக்கு விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை.

இணைச்சொல் அகராதியை, அதாவது ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் ‘தெசாரஸை’, இப்போதைக்கு மூடி வையுங்கள். அது ஆறாம் படிக்கு. பொருள் எது என்று முடிவாகும் முன் அதைத் திறந்தால் ‘ஸ்பிரின்ட்’, ‘மேனேஜ்’, ‘ஃப்ளோ’, ‘ஆபரேட்’ எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். காதுக்கு நன்றாக இருக்கிற ஒன்றை எடுத்துவிடத் தோன்றும்.

2. முதலில் பெயரா, வினையா என்று பாருங்கள்

முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்தாலோ, ‘ட்ரயல்’, ‘லாங்’, ‘பிரின்ட்’ போன்ற அடைமொழி வந்தாலோ பெரும்பாலும் பெயர்ச்சொல். அப்படியானால் இங்கிருந்து நேராக ஏழாம் படிக்குப் போய்விடுங்கள். இடையில் உள்ளவை வினைக்கு மட்டும்.

வினை என்றால் அதன் உருவத்தையும் கவனியுங்கள். நிகழ்காலம் ‘ரன்’, இறந்தகாலம் ‘ரேன்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ உடன் வரும்போது மறுபடி ‘ரன்’. ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுவது நிறையப் பேரிடம் இருக்கும் பிழை. படிக்கும்போதும் இது காலை வாரும்: ‘ஹேட் ரன்’ என்பதில் உள்ள ‘ரன்’னைப் பார்த்து நிகழ்காலத்தில் மொழிபெயர்த்துவிடுவார்கள்.

3. எழுவாய் எது?

ஓடுவது யார், அல்லது எது? இந்த ஒரு கேள்வியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மனிதரோ விலங்கோ என்றால் முதல் சந்தேகம் ‘ஓடு’ மீதுதான். ஆனால் பின்னால் ‘ஃபார்’ வந்து, அதை அடுத்து ஒரு பதவி வந்தால் அது தேர்தல். ‘ஷி ரேன் ஃபார் மேயர்’ என்றால் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். இது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷார் இதே இடத்தில் ‘ஸ்டான்ட்’ என்பார்கள், இந்திய ஆங்கிலத்தில் ‘கன்டெஸ்ட்’. ஒரே தேர்தலில் ஒரு நாட்டார் ஓடுகிறார்கள், இன்னொரு நாட்டார் நிற்கிறார்கள். நாமும் ‘எலக்‌ஷன்ல நிக்கிறாரு’ என்கிற கட்சிதான்.

எந்திரம் என்றால் ‘ஓடு’ அல்லது ‘இயங்கு’. பஸ், ரயில் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ‘பஸ்ஸஸ் ரன் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்பதில் பஸ் நகர்வது விஷயமே இல்லை, கால அட்டவணைதான் விஷயம். ‘பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டு’ என்று முடித்துவிடலாம்.

நீர்மம் வரும் இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கறாரானது. ஆறு ஓடும், கண்ணீர் வழியும், மூக்கு ஒழுகும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போதும். ‘தி டேப் இஸ் ரன்னிங்’ என்றால் குழாய் திறந்து கிடக்கிறது.

சாயத்துக்கு இன்னும் நுணுக்கம் உண்டு. துவைக்கும்போது சிவப்புச் சட்டையின் சாயம் இறங்கி வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொண்டால் ‘ரேன்’. வெயிலில் காய்ந்து காய்ந்து வெளிறினால் ‘ஃபேட்’. தமிழில் இரண்டையும் ‘சாயம் போச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எது நடந்தது என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் கதையே மாறிவிடும்.

சாலை, சுவர், தழும்பு போன்று நகராத பொருள்கள் எழுவாயாக வந்தால் ‘செல்’, ‘போ’, ‘நீள்’. ரோடு ஆற்றை ஒட்டியே போகிறது என்று நாமும் நகர்த்தித்தானே சொல்கிறோம்.

காலம் தொடர்பானவை தனி இனம். படம் ஓடும். குத்தகை ஓடாது: ‘தி லீஸ் ரன்ஸ் டில் 2030’ என்றால் குத்தகை 2030 வரை செல்லும். நீதிமன்றச் செய்தியில் தண்டனைகள் ‘ரன் கன்கரன்ட்லி’ என்று வந்தால், அதற்கு நம் பத்திரிகைகளில் ஊறிப்போன தொடர் இருக்கிறது: தண்டனையை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும். புதிதாக எதையும் உருவாக்காதீர்கள்.

நோய், குணம், திறமை எழுவாயாகி, பின்னால் ‘இன் தி ஃபேமிலி’ வந்தால் வழிவழியாக வருவது. ‘எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுகர் உண்டு’ என்று பேச்சில் சொல்வது இதற்கு அருமையாகப் பொருந்தும்.

4. செயப்படுபொருள் இருக்கிறதா?

ஆங்கிலத்தில் எந்திரமும் ‘ரன்’, அதை ஓட்டுகிற ஆளும் ‘ரன்’. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் உருவமே வேறு. ஓடு, ஓட்டு, இயங்கு, இயக்கு, நட, நடத்து. ஆகவே ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் வல்லின உருவத்துக்குப் போங்கள். ‘இந்த மென்பொருள் பழைய கணினியிலும் இயக்குகிறது’ என்று எழுதுவது இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால் வரும் பிழை. மென்பொருள் இயங்குகிறது, பயனர் இயக்குகிறார்.

செயப்படுபொருள் இருந்தால் தமிழ் வினையைத் தீர்மானிப்பது அதுதான். கடை, பள்ளி, நிறுவனம் வந்தால் நடத்து. சோதனை வந்தால் செய்துபார். செய்தியோ விளம்பரமோ வந்தால் வெளியிடு. கள்ளத் துப்பாக்கி வந்தால் கடத்து. ‘ரன் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரன் எ ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் போவது. ‘ரன் எ பாத்’ என்றால் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது. ‘ரன் அன் எர்ரன்ட்’ என்றால் கடைகண்ணிக்குப் போய்வருவது போன்ற சில்லறை வேலை.

‘ஷி ரன்ஸ் எ ரெஸ்டாரன்ட்’ என்பதை ‘அவருக்குச் சொந்தமாக ஓட்டல் இருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ‘ரன்’ நிர்வாகத்தைச் சொல்கிறது, உடைமையைச் சொல்வதில்லை. முதலாளி வேறு யாராகவும் இருக்கலாம். ‘நடத்துகிறார்’ என்று விட்டுவிட்டால் இரண்டுக்கும் இடம் இருக்கும்.

செயப்படுபொருளுக்குப் பதில் பின்னால் ஓர் அடைச்சொல் வந்தால் ‘ரன்’ ஏறக்குறைய ‘ஆகு’ என்ற வேலையைச் செய்கிறது. ‘ரன் ட்ரை’ வற்றிப்போ, ‘ரன் லோ’ குறைந்துபோ, ‘ரன் லேட்’ தாமதமாகு. ‘ஹிஸ் பிளட் ரேன் கோல்ட்’ என்றால் அவனுக்கு ரத்தம் உறைந்தது. ஓடுவதற்கு நேர் எதிர்ச்சொல் வந்து நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் பயந்து அழித்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், அதுதான் சரி.

5. ஒட்டிக்கொண்டு வரும் சிறுசொல்

‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘டவுன்’, ‘அப்’, ‘பை’ இவற்றில் ஏதாவது ஒட்டியிருந்தால் இரண்டையும் ஒரே சொல்லாக எண்ணி அகராதியில் தேடுங்கள். பிரித்துப் பொருள் கொண்டால் ‘ரன் அவுட்’ வெளியே ஓடிவிடும்.

‘ரன் அவுட்’ கிரிக்கெட் செய்தியில் ஆட்டமிழப்பு. மற்ற இடங்களில் பெரும்பாலும் தீர்ந்துபோதல். இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ‘ஆஃப்’. தீர்ந்துபோகிற பொருள் எழுவாய் என்றால் ‘ஆஃப்’ கிடையாது: ‘தி மில்க் ரேன் அவுட்’. ஆள் எழுவாயாகி, தீர்ந்த பொருளும் பின்னால் வந்தால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வி ரேன் அவுட் ஆஃப் மில்க்’. தமிழில் எப்போதும் ‘பால் தீர்ந்துபோச்சு’தான், தீர்வது பால், ஆள் இல்லை. அந்தப் பழக்கத்தில் ‘ஐ ரேன் அவுட் மில்க்’ என்று வந்துவிடுகிறது.

‘ரன் இன்டு’ நான்கு பக்கம் இழுக்கும். பின்னால் ஆள் பெயர் வந்தால் எதிர்பாராமல் பார்ப்பது. சுவரோ மரமோ வந்தால் மோதுவது. சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது. தொகை வந்தால் அந்த அளவை எட்டுவது, அதாவது ‘செலவு கோடிக்கணக்கில் போகும்’.

‘ரன் ஓவர்’ வண்டி ஏறுவது, அல்லது கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவது, அல்லது குறிப்பை ஒருமுறை கண்ணோட்டமாகப் பார்ப்பது. ‘ரன் டவுன்’ பேட்டரி என்றால் தீர்வது, ஆள் என்றால் மட்டம்தட்டுவது. கட்டடத்துக்கு அடைமொழியாக வந்தால் பாழடைந்தது. ‘ரன் அப்’ பில் என்றால் கடனை ஏற்றிவைப்பது. ‘ரன் இட் பை மீ’ என்பதற்கு என் காதில் ஒரு வார்த்தை போட்டுவை என்பதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்கு அகப்பட்டதில்லை.

எழுதும்போது இன்னொன்றைப் பாருங்கள்: இடையில் ‘ஹிம்’, ‘இட்’ நுழையுமா? ‘ரேன் ஹிம் ஓவர்’ சரி. ‘ரேன் ஹிம் இன்டு’ என்று சொல்லி ‘அவனை எதிர்பாராமல் பார்த்தேன்’ என்ற பொருளை வாங்க முடியாது. அங்கே ‘ரேன் இன்டு ஹிம்’தான். அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் விதியைத் தேட வேண்டியதில்லை.

6. இப்போது இணைச்சொல் அகராதியைத் திறக்கலாம்

பொருள் முடிவாகிவிட்டது. இனி அந்தப் பொருளுக்கு உரிய கூட்டத்துக்குள் மட்டும் தேடுங்கள். ‘நடத்து’ என்றால் மேனேஜ், டைரக்ட், ஹெட், அட்மினிஸ்டர், ஆபரேட். ‘ஓடு’ என்றால் ஸ்பிரின்ட், ஜாக், டாஷ், போல்ட், கேலப், ஸ்கேம்பர். ‘பாய்’, ‘ஒழுகு’ என்றால் ஃப்ளோ, ஸ்ட்ரீம், ட்ரிக்கிள், ட்ரிப். ‘செல்’ என்றால் எக்ஸ்டெண்டு, ஸ்ட்ரெச். ‘செய்துபார்’ என்றால் கண்டக்ட், கேரி அவுட், பெர்ஃபார்ம்.

எடுத்த சொல்லை வாக்கியத்தில் ‘ரன்’ இருந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கியம் நிற்கிறதா என்பது முதல் சோதனை. அதே ஆட்கள், அதே சூழல், அதே தொனி இருக்கிறதா என்பது இரண்டாவது. பலர் முதல் சோதனையோடு எழுந்துவிடுகிறார்கள். தெருமுனைப் பெட்டிக்கடையை ஒருவர் ‘ரன்’ செய்யலாம். ‘அட்மினிஸ்டர்’ செய்கிறார் என்றால் சிரிப்பு வரும். ‘அட்மினிஸ்டர்’ அரசு, அறக்கட்டளை, மருந்து போன்ற இடங்களில் புழங்குவது. ‘ஹெட்’ தலைமைப் பதவியைச் சொல்கிறது, அன்றாட வேலையை அல்ல. ‘ஆபரேட்’ விமான சேவைக்கும் கிரேனுக்கும் பொருந்தும், குடும்பத்துக்குப் பொருந்தாது.

கால் ஓட்டத்தில் இரு மொழிகளும் வேறு வேறு வழியில் போகின்றன. ஆங்கிலம் வினையையே மாற்றும். தமிழ் ‘ஓடு’வை வைத்துக்கொண்டு முன்னால் ஓர் அடை சேர்க்கும். ‘போல்ட்’ வந்தால் தலைதெறிக்க ஓடினான். ‘கேலப்’ வந்தால் நாலுகால் பாய்ச்சல். குழந்தை ‘ஸ்கேம்பர்’ செய்தால் குடுகுடுவென்று ஓடியது. ஒவ்வோர் ஆங்கில வினைக்கும் ஒரு தனித் தமிழ் வினை தேடி உட்கார்ந்திருப்பது வீண் வேலை. ‘ஓட்டமும் நடையுமாக வந்தாள்’ என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் எதிர்ப்பக்கத்தில் இதே சிரமத்தைப் படுவார்.

7. பெயர்ச்சொல்லாக வந்தால்

இங்கே எழுவாய் ஆராய்ச்சி உதவாது. முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சொல்லோடு சேர்த்துத் தொடராகவே பிடியுங்கள். ‘இன் தி லாங் ரன்’ போகப்போக. ‘ஆன் தி ரன்’ தலைமறைவாக. குற்றவாளி ‘ஓடிக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதினால் மாரத்தான் செய்தியாகிவிடும். ‘ட்ரயல் ரன்’ வெள்ளோட்டம். ‘பிரின்ட் ரன்’ ஒரு தடவையில் அச்சிடும் படிகளின் எண்ணிக்கை. ‘சிக்கன் ரன்’ கோழிகள் உலவ வலை அடித்த இடம். ‘தி ரன்ஸ்’ என்று பன்மையில் பேச்சுவாக்கில் வந்தால் வயிற்றுப்போக்கு; அதைக் கிரிக்கெட் ரன்னாக எடுத்து மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

‘பேங்க் ரன்’ தனியாகக் கவனிக்க வேண்டியது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. பெரும்பாலும் கைபேசியும் கணினியும் வழியே நடந்த இந்த விவகாரத்தை ‘வங்கியை நோக்கி ஓடினர்’ என்று எழுதினால் எவ்வளவு பொருந்தாது என்று பாருங்கள். ‘போட்ட பணத்தை எடுக்க ஒரே நேரத்தில் முண்டியடித்தனர்’ என்றால் 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வாசலில் நின்ற வரிசைக்கும் பொருந்தும், இதற்கும் பொருந்தும்.

8. ஒரு வாக்கியத்தில் எல்லாப் படிகளையும் ஓட்டிப் பார்ப்போம்

‘தி ரன்-டவுன் மில் ரேன் அவுட் ஆஃப் மனி பிஃபோர் தி ட்ரயல் ரன்.’

மூன்று ‘ரன்’. கடைசியில் இருப்பதற்கு முன்னால் ‘தி ட்ரயல்’ இருப்பதால் பெயர்: வெள்ளோட்டம். முதலில் இருப்பது சிறுகோட்டால் ‘டவுன்’ உடன் சேர்ந்து ‘மில்’லுக்கு அடைமொழி: பாழடைந்த. நடுவில் இருப்பது வினை, இறந்தகாலம், ‘அவுட் ஆஃப்’ உடன் வருகிறது, எழுவாய் ஆலை, தீர்ந்தது பணம். ‘பாழடைந்து கிடந்த ஆலை, வெள்ளோட்டம் பார்ப்பதற்குள்ளேயே கையில் பணமில்லாமல் நின்றுபோனது.’ ‘ஆலையிடம் பணம் தீர்ந்துவிட்டது’ என்றும் எழுதலாம்; எனக்கு அது ஆங்கில வாடையோடு படுகிறது.

9. திரும்பி வரும் வழியில் உள்ள பள்ளங்கள்

தமிழ் ‘ஓடு’வும் லேசுப்பட்டதல்ல. தமிழிலிருந்து ஆங்கிலம் எழுதும்போது ‘ஓடு’ வந்த இடமெல்லாம் ‘ரன்’ போட்டால் இதே விபத்து எதிர்த்திசையில் நடக்கும்.

‘டிவி ஓடுது’ என்பதற்கு இயல்பாக ‘தி டிவி இஸ் ஆன்’. ‘அங்க என்ன ஓடுது?’ என்றால் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. ‘நாலு வருஷம் ஓடிப்போச்சு’ என்றால் வருடங்கள் ‘ஃப்ளூ பை’. ‘ஏதோ பொழப்பு ஓடுது’ என்றால் ‘கெட்டிங் பை’. ‘எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல’ என்பதில் எந்தச் சொல்லையும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. என்ன செய்வதென்றே தெரியவில்லை என்ற பொருளை மட்டும் கொண்டுபோங்கள். ‘அந்தப் பொண்ணு ஓடிப்போயிடுச்சு’ என்றால் வீட்டில் கோபித்துக்கொண்டு போனதா, காதலனோடு போனதா என்று முன்பின் வாக்கியத்தில் பாருங்கள். முன்னது ‘ரேன் அவே’, பின்னது ‘இலோப்டு’.

10. சூழலே இல்லாமல் வரும் ஒற்றைச் சொல்

செயலிகளைத் தமிழாக்கும் வேலையில் அட்டவணைக் கட்டத்துக்குள் ‘ரன்’ என்று மட்டும் இருக்கும். எழுவாய் இல்லை, செயப்படுபொருள் இல்லை. மொழிபெயர்ப்புக் கருவிகளும் இங்கேதான் பெரும்பாலும் வழுக்குகின்றன. முழு வாக்கியம் கொடுத்தால் ஓரளவு சரியாகச் சொல்கிற கருவி, ஒற்றைச் சொல்லுக்கு ‘ஓடு’ என்று நீட்டிவிடும். பொத்தானில் அப்படி எழுதியிருந்தால் பயனர் எங்கே ஓடுவார்?

அனுப்பியவரிடம் அந்தத் திரையின் ‘ஸ்கிரீன்ஷாட்’டைக் கேளுங்கள். நிரலைத் தொடங்கும் பொத்தான் என்றால் ‘இயக்கு’. அறிக்கை தயாரிக்கும் பொத்தான் என்றால் ‘அறிக்கை எடு’. உடற்பயிற்சிச் செயலி என்றால் அங்கே ‘ஓட்டம்’தான் சரி. கிரிக்கெட் செயலி என்றால் ‘ரன்’ என்றே விட்டுவிடுங்கள். ‘ஓட்டங்கள்’ அச்சில் நன்றாக இருந்தாலும் கைபேசித் திரையில் இடம் போதாது, பார்க்கிறவர்கள் சொல்வதும் ‘ரன்’தான். பதில் வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் குறிப்பு எழுதுங்கள். ஊகத்தில் நிரப்பிய கட்டத்தை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

11. வேறு சொற்களுக்கு

இதே வரிசை ‘டேக்’, ‘செட்’, ‘கெட்’ மூன்றுக்கும் செல்லும். அழுத்தம் மட்டும் இடம் மாறும். ‘டேக்’ வந்தால் எழுவாயில் நேரத்தைச் செலவிடாமல் நேராகச் செயப்படுபொருளுக்குப் போங்கள்: பஸ், மருந்து, போட்டோ, நேரம் எல்லாம் அங்கேதான் பிரிகின்றன. ‘செட்’ நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே உருவம், ஆகவே காலத்தை மற்ற சொற்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘கெட்’ வந்தால் பின்னால் இருப்பது பொருளா, அடைச்சொல்லா, இடமா என்று பாருங்கள். பொருள் என்றால் வாங்கு அல்லது கிடை, அடைச்சொல் என்றால் ஆகு, இடம் என்றால் போய்ச்சேர்.